இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்

என் வாயாடி நாத்தனார் பவுனுக்கு,

உன் அண்ணி அலமேலு எழுதுகிறேன். கோபப்படாமல் படி. கோபம் வந்தாலும் படி, பாதியில் எழுந்து போக இனி உன்னால் முடியாதே.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது. ஜவ்வரிசி மில்லில் உன் வலது கை போனதற்கு இழப்பீடு கேட்டு நீ மனு போட்டாய். நீ செத்த பிறகு உன் மகள் கௌரி பேரில் அது நடந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் உத்தரவு தபாலில் வந்தது. பதினோரு பக்கம். அதில் உன் பேரைவிட என் பேர்தான் ஜாஸ்தி.

செத்தவர்களைப் பற்றி எழுதினால் நல்லவள், தங்கமானவள் என்றுதான் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். நீ பொறாமைக்காரி. என் வீட்டில் மீன் வாங்கினால் உனக்கு மூக்கில் வேர்த்துவிடும். உன் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் குழம்பில் உப்பு ஒரு நாளும் உனக்குச் சரியாக இருந்ததில்லை. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பாய். முணுமுணுத்துக்கொண்டே வருவாய், ஆனாலும் வருவாய். வராமல் இருந்திருக்கலாம்.

இதை வேறு யாராவது படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கல்வராயன் மலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் குடியிருக்கிற எங்கள் பெண்களுக்கு, மரவள்ளிக்கிழங்கு அரவை தொடங்கினால் மில் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே லீவு என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் நம் இடத்தில் வேறொருத்தி நிற்பாள், அந்த சீசன் அத்தோடு முடிந்தது. அதனால் போக முடியாதவள் தன் வீட்டுப் பெண் ஒருத்தியை அனுப்பிவிடுவாள். பதிலாள் என்று பேர். மேஸ்திரிக்குத் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். யார் வந்து நின்றாலும் நோட்டில் இடத்துக்காரி பேருக்கு நேரே ஒரு டிக் போடுவார்கள். நாங்கள் அதை மில்காரர் காட்டுகிற தயவு என்றே நினைத்திருந்தோம். பெருமையாகக்கூடப் பேசிக்கொள்வோம்.

நீ மில் ஆள் இல்லை. கரும்புக் கொல்லையில் களை எடுக்கிறவள். எனக்குப் பதிலாக எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று நானும் எண்ணவில்லை, நீயும் எண்ணவில்லை. மில் நோட்டில் நீ ஒரு தடவைகூட இல்லை.

அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். "மறுக்கா வயித்து வலியா? உன் வயித்துல இன்னாதான் இருக்குது அண்ணி?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, புடவைக்கு மேல் நான் போட்டுக்கொள்கிற பழைய சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாய்.

எனக்கு வயிற்றுவலி இல்லை பவுனு. நான் தியாகதுருகம் போனேன். என் சித்தப்பா மகள் வீட்டில் காதுகுத்து. உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. முந்தின வருஷம் அவள் வீட்டு வளைகாப்பில் கறி வேகவில்லை என்று நீ பந்தியிலேயே சொல்லிவிட்டு வந்தாயே, அதை அவள் மறக்கவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காதுகுத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னால் நீ மூன்று மாதத்துக்குப் பேசியே கொன்றுவிடுவாய். வயிற்றுவலி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். இலையில் கறி விழுந்து இரண்டு வாய் வைத்திருப்பேன், போன் வந்தது. உன் அண்ணன். நான் மில்லுக்குப் போயிருக்கிறேன் என்றுதான் அவருக்கும் நினைப்பு. மில்லில் இருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டு, அலமேலு கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது, உடனே வா என்று சொல்லியிருக்கிறான். நோட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பான். உன் அண்ணன் என்னிடம் அழுதார். அழுதுகொண்டே, எந்தக் கை என்று கேட்டார்.

என் கை நன்றாகத்தான் இருந்தது. குழம்பும் சோறுமாக இருந்தது. இன்னார் கை என்று எனக்குத்தான் முதலில் புரிந்தது. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் எழுந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கழுவின கிழங்கை மேலே ஏற்றுகிற பெல்ட் அது. உருளையில் தோல் சிக்கிக்கொண்டால் பெல்ட் நின்று போகும். நின்றால் அரவை நிற்கும், திட்டு விழும். அதனால் பெல்ட் ஓடும்போதே தோலைத் தள்ளிவிடுவோம். தினமும் செய்கிற எனக்கு எப்போது கையை எடுக்க வேண்டும் என்று தெரியும். உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நான் தரவில்லை. வேனில் ஏறுமுன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மறுநாள் நீ கண் விழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். உன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "உன் வயித்து வலி தேவலாமா அண்ணி?"

தெரிந்து கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா? இத்தனை மாதம் ஆகியும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்து கேட்டிருந்தால் நீ கெட்டிக்காரி. தெரியாமல் கேட்டிருந்தால் நான் என்ன செய்வேன்?

கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாய். உன் புருஷன் கேரளா எஸ்டேட்டுக்குப் போனவன் போனவன்தான். கௌரி மேலே மலையில் கரியாலூர் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் பதினோராவது படிக்கிறாள். அவளை நர்ஸ் படிக்க வைக்க வேண்டும், அதற்காகத்தான் கேஸ் என்று எல்லோரிடமும் சொன்னாய். வக்கீலம்மா முதலில் கேட்டது, வருகை நோட்டில் உன் பேர் இருக்கிறதா என்று. எங்கள் அண்ணி பேரில் போனேன் என்று நீ ஏதோ சாதாரணமாகச் சொன்னாய். அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்குத்தான் அதில் என்ன தப்பு என்று புரியவில்லை.

மில்காரரின் பதில் வந்தபோது புரிந்தது. பவுனு என்று எங்களிடம் யாரும் வேலை செய்ததில்லை. அன்று அந்த இடத்தில் நின்றவர் அலமேலு. அவருக்கு எந்தக் காயமும் இல்லை. பவுனு வீட்டில் மாட்டுக்குத் தட்டை வெட்டும் மெஷினில் கையை விட்டிருக்கலாம். உன்னிடம் மாடே கிடையாது. அதைச் சொல்லி நீ அன்றைக்குச் சிரித்தாய்.

பிறகு மானேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உன் அண்ணனுக்கு மில்லில் வாட்ச்மேன் வேலை என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உன் பேருல இன்னொருத்திய அனுப்புனேன்னு நீ சொன்னா அது ஆள் மாறாட்டம்மா. போலீசு கேஸு. உன்னைத்தான் புடிச்சிக்கினு போவாங்க, என்னை இல்ல" என்றார். பயந்துதான் போனேன். ஆனால் பயத்தினால் மட்டும்தான் பொய் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய். நான் மில்லில் இல்லை என்று விசாரணையில் சொன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள் அல்லவா? நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய். காதுகுத்துக்குப் போனேன் என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம்தான் எனக்கு ஜெயிலைவிடப் பெரிசாக இருந்தது.

விசாரணைக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம், உளுந்தூர்பேட்டையில் மாறி. நீ உன் பக்கத்துக்கு, நான் மில் பக்கத்துக்கு. இழப்பீட்டைத் தீர்மானிக்கிற ஆணையர் முன்னால் மில் வக்கீல் நோட்டைக் காட்டி, அன்று வேலைக்கு வந்தது யார் என்றார். நான் என்றேன். இந்த டிக் யாருக்கு என்றார். எனக்கு என்றேன். இரண்டு கையையும் தூக்கி ஐயாவுக்குக் காட்டுங்கள் என்றார். தூக்கினேன்.

பத்து விரலும் தெரிகிற மாதிரி காட்டினேன் பவுனு. நீ எதிரில் பெஞ்சில், இல்லாத கையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மில் வக்கீல் அடுத்த காகிதத்தைப் புரட்டப் போய்விட்டார். யாரும் இறக்கச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அப்படியே நின்றேன்.

"கைய எறக்கு அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க" என்றாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு இடம் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். தண்ணீர் பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திறந்து பார்த்தாய், முடியவில்லை. பேசாமல் என் பக்கம் நீட்டினாய். திறந்து கொடுத்தேன். தியாகதுருகம் வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாய். ஒற்றைக் கையால் பின்னல் போட வராது, வேறு யாரும் உனக்கு இல்லை. நான் வந்து பின்னிவிடுவேன். எனக்கு உன் மேல் கோபம் வரும். திட்டித் தொலைக்க வேண்டியதுதானே, எதற்கு இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று ஆத்திரம் வரும். வேண்டுமென்றே இழுத்துப் பின்னுவேன். வலித்திருக்கும். நீ ஒரு தடவைகூட ஆ என்று சொன்னதில்லை. அந்த அளவுக்கு உனக்கு அழுத்தம்.

பொங்கல் கழித்து கௌரியைப் பார்க்க மலைக்கு ஜீப்பில் போனாய். உள்ளே இடமில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லோரும் அப்படித்தான் போகிறோம். வளைவில் பிடி மாற்ற இரண்டு கை வேண்டும். உனக்கு ஒன்றுதான் இருந்தது. கௌரிக்கு வாங்கின முறுக்குப் பொட்டலத்தை வேறு அக்குளில் இடுக்கியிருந்தாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெல்ட்டில் போனது கை மட்டும்தான், உயிர் போனது வேறு விபத்து என்று சட்டம் சொல்லுமாம். வக்கீலம்மா வருத்தத்தோடுதான் சொன்னார்கள்.

உன்னைப் புதைத்துவிட்டு வந்து நான் வக்கீலம்மா காலில் விழுந்தேன். மறுபடி என்னைக் கூப்பிடுங்கள், உண்மையைச் சொல்கிறேன் என்றேன். முன்னால் சொன்னது பொய் என்றால் உன் மேலேயே நடவடிக்கை வரலாம் என்று எச்சரித்தார்கள். வரட்டும் என்றேன். அப்போது என்னைப் பார்த்திருந்தால் நீயே மெச்சியிருப்பாய். அவ்வளவு வீராப்பு.

மனு போட்டு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். பவுனுவைத்தான் என் பேரில் அனுப்பினேன், முன்னால் சொன்னது பொய் என்று ஆணையரிடம் சொன்னேன். மில் வக்கீல் எழுந்து நிதானமாகக் கேட்டார். கௌரி உனக்கு யார்? நாத்தனார் மகள். இப்போது எங்கே இருக்கிறாள்? லீவுக்கு என் வீட்டில். அவளுக்கு வயது வரும்வரை கார்டியன் யார்? நான்தான். இழப்பீடு வந்தால் உன் பொறுப்பில்தானே வரும்? அவர் ஆணையரைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். சரி, அன்று நீ மில்லில் இல்லை, எங்கே இருந்தாய்?

வயிற்றுவலி, வீட்டில் படுத்திருந்தேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீ செத்துப் போயிருந்தாய், இனி உனக்குத் தெரிந்தால் என்ன? ஆனால் கௌரி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உன் முகம் அவளுக்கு. டாக்டர் சீட்டு உண்டா என்றார், இல்லை. பார்த்தவர்கள் உண்டா என்றார், இல்லை. உட்காருங்கள் என்றார். அந்த வாரமே உன் அண்ணனை வாட்ச்மேன் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் எங்கே இருந்தேன் என்று நம் வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும், போன் வந்த அன்றே சொல்லியிருந்தேன். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. கூடப் பிறந்தவர்.

உத்தரவைக் கௌரிதான் சத்தமாகப் படித்தாள். அலமேலு என்பவர் சம்பவத்தன்று தானே பணியில் இருந்ததாக முதலில் சாட்சியம் அளித்துள்ளார். பின்னர் மாற்றிக் கூறியது உறவின் பேரிலும் பயன் கருதியும் என்று கருத இடமுள்ளது. வீட்டில் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இப்படிப் போகிறது. நான் பொய் சொன்னபோது நம்பினார்கள், பாதி உண்மை சொன்னபோது நம்பவில்லை.

படித்து முடித்து அவள் காகிதத்தை மடித்தாள். அழவில்லை. "உனக்கு அடிபட்டிருந்தா கேஸு ஜெயிச்சிருக்கும் அத்தை. நோட்டுல பேரு இருந்துச்சே" என்றாள். குத்திக் காட்டச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அடுப்படிக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

வக்கீலம்மா, ஹைகோர்ட்டுக்குப் போகலாம், நாள் கடப்பதற்குள் போட வேண்டும் என்றார்கள். "ஆனா வெறும் வாய்ப் பேச்சு எடுபடாது. அன்னைக்கு நீ வேற எடத்துல இருந்தேன்னு காட்ட ஏதாவது ஒண்ணு வேணும். போட்டோ, பில்லு, இன்னாவா இருந்தாலும் சரி. இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்கள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கௌரி என்னைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஆல்பம் இருக்கிறது. காதுகுத்து ஆல்பம், வீடியோவும் உண்டு. குழந்தை படத்தோடு அட்டையிலேயே தேதி அச்சடித்திருக்கிறார்கள். முதல் பந்தியை போட்டோக்காரன் ஒருவரையும் விடாமல் எடுத்தான். அவன் கேமராவைக் காட்டும்போது நான் சிரித்து வேறு வைத்தேன். மூன்று நாள் அதை வாங்கப் போகாமலே இருந்தேன். நாள் கடந்துபோனால் நல்லது என்றுகூட நினைத்தேன் பவுனு. அந்த மூன்று நாளும் நினைத்தேன். நாள் கடந்துவிட்டால் கௌரிக்குக் கடைசிவரை தெரியாது. அத்தை பயந்த சுபாவம், மில்காரன் மிரட்டிவிட்டான் என்று நினைத்து என்னோடு இருந்துவிடுவாள்.

நாலாம் நாள் தியாகதுருகம் போய் ஆல்பத்தை வாங்கி வந்தேன். நேராக வக்கீலம்மாவிடம் கொடுத்திருக்கலாம். உன் மகளிடம் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதே. நின்றுகொண்டே சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுவலி, சட்டை, உனக்குப் பத்திரிகை வைக்காதது, ஒன்றையும் விடவில்லை. அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். இலை நிறையச் சோறும் கறியுமாக உன் அண்ணி சிரித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் சுவரில் கடிகாரம் தெரிகிறது.

"கறி நல்லா இருந்துச்சா அத்தை?"

நல்லா இருந்துச்சு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

ஆல்பத்தைத் துணிக்கடைப் பையில் சுற்றித் தன் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவளே பஸ் ஏறி வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். புதுச் சாட்சியத்தை ஏற்றுக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை, ஆனால் போட்டுவிடலாம் என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து கௌரி என் கையால் சாப்பிடுவதில்லை. தனியாக ஒரு சட்டியில் பொங்கித் தனியாகத் தின்கிறாள். உப்பு சரியாகப் போட வரவில்லை அவளுக்கு. பள்ளி திறந்ததும் மலைக்குப் போய்விடுவாள், திரும்ப இந்த வீட்டுக்கு வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை. நீ மன்னிக்கிற ரகம் இல்லை, எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கு தருகிறேன். சென்னைக் கோர்ட்டோ எந்தக் கோர்ட்டோ, எங்கே நிற்க வைத்தாலும் முழுசாகச் சொல்வேன். என் இடத்தில் நின்றவள் பவுனு, அவள் கை உருளைக்குள் போன நேரத்தில் நான் பந்தியில் இருந்தேன், போன் வந்த பிறகும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் எழுந்தேன் என்று சொல்வேன். கௌரி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன். அதற்காக என்னை உள்ளே வைத்தால் வைக்கட்டும். அப்படிச் சொல்லி நாம் ஜெயித்தாலும், அந்தப் பிள்ளை அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டாள். தெரிந்துதான் வாக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருந்தவரை உன்னைப் பொறுக்காத, இப்போது நீ இல்லாமல் பொறுக்க முடியாத
உன் அண்ணன் பெண்டாட்டி,
அலமேலு